ஜெயக்கனி போட்ட நிலையான பதிப்பு

தும்பைக்குளத்து அருள்சுனை காலண்டர் அச்சகத்தில், எந்த அறையின் கம்ப்யூட்டரில் எந்த லினக்ஸைப் போடுகிறோமோ அந்த அறை அந்த லினக்ஸின் குணத்துக்கு வந்துவிடும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. சிவகாசியிலிருந்து காகிதம் ஏற்றி வரும் லாரி டிரைவருக்குத் தெரியும், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்குத் தெரியும், வாசலில் டீ விற்கும் சீனியம்மாளுக்குத் தெரியும், ஏன் அப்படி என்று கேட்டால் மட்டும், தங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் உப்பாக இருப்பதைச் சொல்வது போல, "கட்டடத்து வாகு அப்படி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

லினக்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரை உள்ளேயிருந்து ஓட்டுகிற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கைப்பக்குவத்துக்குக் கட்டிக்கொள்ளலாம் என்பதால் ஒரே சரக்கு நூறு பெயரில் உலகத்தில் நடமாடுகிறது, நூறில் எது உசத்தி என்று வேலைவெட்டி இல்லாதவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஜெயக்கனி அடித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அச்சகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள், ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அறை அறையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, போட்டதும் சுவர் என்ன செய்கிறது, தரை என்ன செய்கிறது, அங்கே வேலை செய்கிறவர் முகம் என்ன ஆகிறது என்று எழுதினாள்.

ஆர்டர் எடுக்கும் பெண்கள் விண்டோஸிலேயே பழகியவர்கள் என்பதால் அவர்களுக்கு மின்ட் என்கிற லினக்ஸைப் போட்டாள். ஒரே நாளில் கை பழகியது, அந்த அறை நாற்காலிகளும் உட்கார வருகிறவர் முதுகை அறிந்து சாய்ந்துகொடுத்தன. படம் வரைகிறவர்களுக்குப் புதுசு புதுசாக வேண்டும், அவர்களுக்கு ஃபெடோரா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அறை தன் சுண்ணாம்பைத் தானே உரித்துப் போட்டுவிட்டுப் புது நிறத்தில் நின்றது. முதலாளி அறைக்கு உபுண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு சித்திரையில் ஜன்னல் இடம் மாறும், மாறப்போவதை முன்கூட்டியே சொல்லியும்விடும். நாள், நட்சத்திரம், திதி எல்லாவற்றையும் கட்டம் கட்டுகிற தேதி அறைக்கு மட்டும் டெபியன். டெபியனில் நேற்று வந்த புதுமை எதுவும் இருக்காது, இருப்பதெல்லாம் ஊர் உலகம் ஆற அமரச் சோதித்துப் பார்த்த பழைய சரக்கு, ஆனால் நின்ற இடத்தில் நிற்கும். அந்த அறையில் அதன் பிறகு ஓர் ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் யாரும் தொடாமலே தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான்.

"இதுல எதும்மா நல்லது?" என்று கேட்டார் முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி.

"எது நல்லதுன்னு கேக்காதீக அண்ணாச்சி, எது எந்த எடத்துக்குன்னு கேளுங்க. எங்க வீட்டு லேப்டாப்ல ஆர்ச் போட்டிருக்கேன். அதுல பதிப்புங்கிற பேச்சே கெடையாது, தினமும் புதுசு வந்துக்கிட்டே இருக்கும். காலைல அதைச் செய்யிறவுக என்ன மாத்தியிருக்காகன்னு எழுதிப் போடுவாக, அதைப் படிச்சுட்டுத்தான் கை வைக்கணும். படிக்கிறவளுக்கு அது தங்கம். அதுக்காகத் தேதி அறையில கொண்டுவந்து போட முடியுமா?"

முடியும் என்றான் கலாதரன். அண்ணாச்சியின் மாப்பிள்ளை அவன், பெங்களூரில் இருந்துவிட்டு, ஒரு புரட்டாசி மாதம், அச்சு வேலை உச்சத்தில் இருக்கும்போது வந்து இறங்கி, அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு, "இது அச்சகமா, மியூசியமா? ஒரு வீட்டுல நாலு அடுப்பு எதுக்கு?" என்று சிரித்து, எல்லா அறையையும் தேதி அறையில் இருந்த ஒரே சர்வரில் கட்டி, எல்லாவற்றுக்கும் ஆர்ச் போட்டான். ஜெயக்கனி வேண்டாம் என்றாள். சீசன் முடியட்டும் சார் என்றாள், தேதி அறையையாவது விட்டுவிடுங்கள் என்றாள். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் அதை வாங்கி, பிரிக்காமலே, டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டான். இந்தக் கதையில் நான் யார் பக்கம் என்று தேட வேண்டாம், அந்த டம்ளரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து கட்டடம் தினமும் மாறியது. காலையில் கேட்டைத் திறந்தால் நேற்றுத் தெற்கே இருந்த பைண்டிங் கூடம் மாடியில் இருக்கும், மாடிப்படி மரத்திலிருந்து இரும்புக்கு மாறியிருக்கும், முற்றத்துப் பிள்ளையார் ஒருநாள் காகிதக் கிடங்கில் இருப்பார், மறுநாள் ஆர்டர் எடுக்கும் பெண்களுக்கு நடுவில் இருப்பார். யாரும் மலைக்கவில்லை. பைண்டிங் மேஸ்திரி குருவம்மாள் தன் பெண்களை எட்டு மணிக்குப் பதில் ஏழரைக்கு வரச் சொன்னாள். முதலில் வருகிறவள் உள்ளே போய் கக்கூஸ் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து வந்து கத்த வேண்டும் என்று முறை வைத்தாள். சீனியம்மாள் டீத் தூக்கோடு ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு நுழைந்து, கயிற்றைப் பிடித்தே வெளியே வந்தாள். பூசாரி மட்டும் நடைக்கூலி சேர்த்துக் கேட்டார். தொழிற்சாலை ஆய்வாளர் வந்தபோது அவசரத்துக்கு வெளியேற வழி இருக்கிறதா என்ற கட்டத்தில் "இன்றைக்கு இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவு சாதாரணமாகப் போனதற்குக் காரணம் ஜெயக்கனி. வேண்டாம் என்று சொன்னவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் ஆர்ச்காரர்கள் எழுதிப்போட்டதை வரி விடாமல் படித்து, இதைச் சேர்க்கலாம், இதை நாலு நாள் நிறுத்தி வைக்கலாம் என்று ஆராய்ந்துதான் புதியதை உள்ளே விட்டாள், அதனால் கதவுகள் இடம் மாறினவே தவிர ஒன்றும் காணாமல் போகவில்லை. ஐப்பசியில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மூன்று நாள் லீவு எடுத்தாள். அந்த மூன்று நாளில் கலாதரன் எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றினான். தேதி அறையில் கட்டம் கட்டுகிற மென்பொருள் புதுசாகி, நடுவில் வெற்று வரியைச் செருகப் பழகி, அடுத்த வருஷத்து ஆடி மாதம் மட்டும் ஒரு வரி நழுவியது. ஜெயக்கனி திரும்பி வந்து, அச்சுப் பிளேட்டுக்குப் போகும் முன் சரிபார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றான், பார்க்கவே இல்லை.

அப்படித்தான் ஆடி அமாவாசை ஒரு தாள் தள்ளி உட்கார்ந்தது. வேறு ஊராக இருந்தால் பக்கத்து வீட்டுக் காலண்டரைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள். தும்பைக்குளத்தில் எந்த வீட்டிலும் அருள்சுனை தவிர வேறு காலண்டர் தொங்காது, வெளியூர்க் காலண்டர் வேறு நாள் சொன்னால் வெளியூர்க்காரனுக்கு நாள் பார்க்கத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள், டிவியில் சொன்னால் டிவியையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே உண்மையான அமாவாசையன்று கறி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஊரே எள்ளும் பச்சரிசியும் எடுத்துக்கொண்டு கண்மாயில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றது. தர்ப்பணம் பண்ணிவைக்க வெளியூரிலிருந்து வரும் ஐயர் வரவில்லை. போன் போட்டால், "நேத்தே வந்து ஒத்தைல நின்னுட்டுத் திரும்பிட்டேனே" என்றார்.

மறுநாள் ஊர் அச்சகத்து முற்றத்தில் நின்றது. அண்ணாச்சி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். கலாதரன் பைண்டிங் பெண்கள், மெஷின்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து, குரல் தழுதழுக்க, "தேதி அறை ஜெயக்கனி பொறுப்பு. நானும் நம்பி விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றான்.

இப்படி ஒரு பொய்யை இவ்வளவு பேருக்கு முன்னால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று ஜெயக்கனிக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் வாயெடுப்பதற்குள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தில்லைநாயகம், அவளுக்கு ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எங்கப்பா வருஷத்துல ஒரு நாள்தான் வர்றாரு. அவரைப் பசியோட திருப்பி அனுப்பிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அன்றே வேலை போயிற்று. வேலை போனது பெரிதில்லை. கடைத்தெருவில் அவள் நடந்தால் பேச்சு நின்றது. கல்யாண வீட்டில் அவள் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. கிழிக்கப்பட்ட அமாவாசைத் தாள்களைக் கல்லில் சுற்றி அவள் வீட்டு வாசலில் போட்டார்கள், தினமும் காலையில் கோலத்துக்கு முன் அவற்றைப் பெருக்கினாள். செத்தவர்களைப் பட்டினி போட்டவள் என்ற பெயர் கிடைத்தால் உயிரோடு இருப்பவர்கள் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்டு வர மாட்டார்கள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: பொய் சொன்ன அதே வாய், அதே முற்றத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஆசையை அவள் அடக்க முயலவில்லை.

படிக்கிறவள் போனபின் கட்டடம் கட்டுக்கடங்காமல் போயிற்று. கலாதரன் தினமும் கண்ணை மூடிக்கொண்டு புதியதை ஏற்றினான், கதவுகள் இடம் மாறுவதை விட்டுவிட்டு அடியோடு காணாமல் போகத் தொடங்கின. ஒரு திங்கட்கிழமை மெஷின்காரர் இருவர் மதியம் வரை சுவருக்குள் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், கதவு வந்ததும் கைதட்டி வரவேற்றார்கள். பைண்டிங் பெண்கள் இரண்டு வேளைச் சோறு கட்டி வந்தார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஐப்பசி பிறந்து, அடுத்த வருஷத்துக் காலண்டர் கட்டுக்கட்டாக அடுக்கி, ஏழு லாரி வந்து நிற்கும்போது லோடு ஏற்றுகிற வாசல் ஒன்பது நாளாக வரவில்லை.

பத்தாம் நாள் அண்ணாச்சி ஜெயக்கனி வீட்டுக்கு வந்தார். வாசலில் கிடந்த கல்லையும் தாளையும் பார்த்தார், பார்க்காதது போல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"யம்மா ஜெயக்கனி, பழசையே போட்டுக் குடு. ஆடாம அசையாம நிக்கணும், எனக்கு அது போதும்."

"ஆடாம அசையாமலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. எந்த நெலமையில இருக்கும்போது போடுறேனோ அந்த நெலமையிலதான் நிக்கும்."

"வாசல் இருக்கிற அன்னைக்குப் போடு. நாள் பாத்துச் செய்."

"நாள் பாத்துத்தான் செய்வேன்" என்றாள்.

அது அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது. காலண்டர் போடுகிறவர், நாள் பார்க்காமல் ஆணிகூட அடிக்க மாட்டார். மறுநாளிலிருந்து ஜெயக்கனி தினமும் காலை அச்சகத்துக்கு வந்தாள், முற்றத்தில் நின்று கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், "இன்னைக்கு நாள் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். வளர்பிறைத் தசமியன்று சரியில்லை என்றாள், வெள்ளிக்கிழமை சுபமுகூர்த்தத்தன்று லோடு வாசல் திறந்தே கிடந்தபோதும் சரியில்லை என்றாள். அவளுக்கு ஏதோ பெரிய கணக்கு இருக்கிறது என்று ஊர் மரியாதையாகப் பேசிக்கொண்டது, அமாவாசையைத் தள்ளிப் போட்டவள் என்று திட்டிய அதே வாய்களால்.

அவள் வரத் தொடங்கிய பதினேழாம் நாள் தேய்பிறை அஷ்டமி, அதுவும் ராகு காலம். லோடு வாசல் மேற்கே அகலமாகத் திறந்து கிடந்தது. பைண்டிங் கூடத்துக்கு இரண்டு கதவு, கிடங்குக்கு ஒன்று, கக்கூஸ் படிக்குப் பக்கத்தில், பிள்ளையார் முற்றத்தில். கலாதரனின் அறைக்கு மட்டும் கதவு இல்லை. காலையில் அவன் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு போயிருக்கிறது. குளியலறை இருந்தது, முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தது, அதற்குள் அவன் போன் பேசிக்கொண்டு இருந்தான்.

"இதுதான் நல்ல நாள்" என்றாள் ஜெயக்கனி. குருவம்மாள் பதறி, "ஏ, அஷ்டமிடி!" என்றாள்.

ஜெயக்கனி ஜன்னலுக்குப் போனாள். அண்ணாச்சியிடம் சொல்லி மெஷின்களை நிறுத்தினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், தேதி அறை வேலையைச் செஞ்சது யாரு? ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. சொல்லிட்டா, நாளைக்கு வரைக்கும் பொறுத்து, உங்க கதவு வந்ததுக்கு அப்புறம் போடுறேன்."

இதை அவள் உண்மையாகவே கேட்டாள், சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். கலாதரன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தான்.

"மிரட்டுறியா? கதவு நாளைக்குத் தானா வந்துரும். வந்து உன்கிட்டப் பேசிக்கிறேன்."

ஜெயக்கனி தேதி அறைக்குப் போனாள். எல்லா அறையையும் ஒரே சர்வரில் கட்டிவைத்தவன் அவன்தானே, ஒரு இடத்தில் உட்கார்ந்தாலே போதும் என்றாகியிருந்தது. அண்ணாச்சி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றித் தன் பெயரில் வைத்துக்கொண்டாள், சர்வரின் ஹார்ட் டிஸ்கைத் துடைத்தாள், டெபியனின் நிலையான பதிப்பைப் போட்டாள், ஒவ்வொரு அறையாகச் சேர்த்தாள், அவன் அறையைக் கடைசியில் சேர்த்தாள். கட்டடம் ஒரு தடவை, பாரம் இறக்கிவைத்த மாடு மூச்சு விடுவது போல, நீளமாக மூச்சு விட்டு நின்றது.

மறுநாள் கதவு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மிச்ச லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு போயின, குருவம்மாளின் பெண்கள் எட்டு மணிக்கே வந்தார்கள், சீனியம்மாள் கயிற்றைக் கழற்றிப் பசுவுக்குக் கட்டினாள். அண்ணாச்சி கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை இடித்தார். ஓட்டை விழுந்தது, ஆள் நுழைகிற அளவுக்கு ஆவதற்குள், அந்நியர் நுழையக்கூடிய ஓட்டை என்று பாதுகாப்புத் திருத்தம் வந்து அடைத்துவிட்டது, போகிற போக்கில் ஜன்னலுக்கும் இரண்டு கம்பி கூடுதலாகப் போட்டது. இடிக்க இடிக்கக் கம்பி கூடியது, அதனால் நிறுத்தச் சொன்னார்கள். சோறு கம்பி வழியாகப் போயிற்று, சட்டை துணிமணி போயிற்று. புதிதாக வந்த அச்சுப் பழகுநர்களுக்கு மெஷின் இது, கிடங்கு இது, சின்ன முதலாளி இவர் என்று காட்டினார்கள்.

ஐந்தாம் நாள் கலாதரன் முற்றத்தைப் பார்த்துக் கத்தினான். மெஷின்கள் நின்றன. ஊரும் வந்தது, தில்லைநாயகம் வாத்தியாரும் வந்தார்.

"தப்பு நடந்துபோச்சு" என்றான்.

"யாரு செஞ்சா?" என்றாள் ஜெயக்கனி.

"நான்தான். அவ லீவுல இருந்தா. நான் படிக்காம ஏத்தினேன். பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன். பழியை அவ மேல போட்டேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு அப்பவே தெரியும்."

வாத்தியார் மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜெயக்கனிக்கு முன்னால் வந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார், கடைசியில் அவள்தான், "போங்க சார், வெயிலா இருக்கு" என்று அனுப்பினாள். அன்று மாலை மூன்று பேர் அவள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். யாருக்கும் தாகம் இல்லை, குடிக்க வேண்டும் என்பதற்காகக் குடித்தார்கள். அவளுக்கு மனசு ஆறும் என்று அவளே நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஆறாவிட்டால் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் அண்ணாச்சி தேதி அறைக்கு வந்தார். "சொல்லிட்டாரேம்மா. இனி அந்தக் கதவு..."

"அடுத்த பதிப்பு வந்தா மாறும் அண்ணாச்சி. அதுவரைக்கும் எதுவும் மாறாது, நீங்க கேட்ட மாதிரியே."

"அது எப்ப வரும்?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு வரும். நாளெல்லாம் குறிக்க மாட்டாக, தயாரானா விடுவாக. வந்ததும் எடுத்துப் போட்டுற முடியாது, நாலு எடத்துல ஓடட்டும், பாத்துட்டுப் போடுறேன்."

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார், காலண்டர்களைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். குருவம்மாள் கையில் பசையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தலை மறைந்ததும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏ ஜெயக்கனி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. அந்த ஒரு ரூமுக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பழைய ஆர்ச்சைப் போட்டு விட்டா, காலைல கதவு வந்துரும். ஆள் வெளிய வந்ததும் மறுபடி இதைப் போட்டுக்கலாம். அது உனக்குத் தெரியும்ல?"

ஜெயக்கனி மறு அச்சுக்குப் போகிற அடுத்த வருஷத்து ஆடி மாதத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அமாவாசை அதன் தாளில் இருந்தது.

"தெரியும் மதினி" என்றாள். "அன்னைக்கு அவருக்கும் தெரியும்."